வயரிங் வேலைக்குப் புது ஆள் எடுக்க எந்த வழி நல்லது?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீடு கட்டுகிற வேலைக்கு அந்தக் கோடு இன்றைக்கும் பெரிய தடையில்லை. கொத்தனார், ஆசாரி, பெயிண்டர், எலக்ட்ரீசியன் என்று காலையிலேயே இரண்டு பக்கமும் ஆட்கள் கடந்து போய்க்கொண்டிருப்பார்கள். நான்கைந்து பேரை வைத்து வீட்டு வயரிங் எடுத்துச் செய்கிற சின்ன காண்ட்ராக்டர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. யாரிடம் பேசினாலும் ஒரே குறைதான்: வேலை இருக்கிறது, ஆள் இல்லை, இருக்கிற ஆளை நம்பி ஒரு வீட்டைத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை.

புதிதாக ஒருவரை எடுத்துப் பழக்கலாம் என்றால் நான்கு வழி இருக்கிறது. ஊர்ப் பையன் ஒருவனை உதவிக்குச் சேர்த்துக் கூடவே வைத்துப் பழக்குவது. ஐடிஐ முடித்தவரைச் சம்பளத்துக்கு எடுப்பது. சட்டப்படி பதிவு செய்து அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக எடுப்பது. குறுகிய காலப் பயிற்சி முடித்து வருகிறவரை எடுப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐடிஐயில் எலக்ட்ரீசியன் அல்லது வயர்மேன் பிரிவு முடித்தவரைப் பதிவு பெற்ற அப்ரண்டிஸாக ஓராண்டு எடுப்பதுதான் சின்ன காண்ட்ராக்டருக்கு நல்ல வழி. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சுவர் பூசுவதற்கு முன்னும் மின்சாரம் கொடுப்பதற்கு முன்னும் வேலையைத் திறந்து பார்த்து, கருவி வைத்துச் சோதிக்கிற பழக்கம் அந்த இடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் எந்த வழியில் ஆளை எடுத்தாலும் ஒன்றுதான். இரண்டே வருடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி அவசர வேலை செய்யப் பழகிவிடுவார்கள்.

வேலை நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது

ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் அளவுகோல் வேண்டும். வீட்டுக்காரர் பார்ப்பது ஸ்விட்ச் போர்டு நேராக இருக்கிறதா, லைட் எரிகிறதா என்பதை மட்டும். தரம் இருப்பது அவர் கண்ணில் படாத இடத்தில். இரண்டு மூன்று இடங்களைச் சொன்னால் புரியும்.

ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுகிறோம். இப்போது கடையில் கிடைக்கிற வயரில் 0.3 மில்லிமீட்டர் கம்பி இழை 56 இருக்கும். இதே ரகத்தில் 2.5 வயர் என்றால் 36 இழை. சாக்கெட்டின் ஓட்டையில் இரண்டு 4 வயரைச் சேர்த்து நுழைக்கக் கஷ்டமாக இருந்தால், அவசரக்காரர் என்ன செய்வார்? கட்டிங் பிளேயரை எடுத்துக் கொஞ்சம் இழையை நறுக்கிவிடுவார். இருபது இழை போனால் மிச்சம் 36. அதாவது, வீட்டுக்காரர் 4 வயருக்குக் காசு கொடுத்து, ஸ்க்ரூவுக்கு அடியில் 2.5 வயரை வாங்கியிருக்கிறார். ஏசி ஓட ஓட அந்த இடம் சூடாகும். சில வருடம் கழித்து சாக்கெட் கருகும்போது, சாக்கெட் கம்பெனி சரியில்லை என்று பேச்சு வரும். சரியான முறை, இழை எதையும் வெட்டாமல் வயர் முனையில் லக் என்ற உலோக முனையைப் போட்டு அழுத்திக் கிரிம்ப் செய்வது, அல்லது அந்த வயருக்குத் தகுந்த டெர்மினல் உள்ள சாக்கெட்டை வாங்கச் சொல்வது.

அடுத்தது மாடிப்படி லைட். கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். கீழ்மாடி சர்க்யூட்டிலிருந்து லைனையும், கைக்கு எட்டியது என்று மேல்மாடி சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலையும் எடுத்துவிடுவார்கள். பழைய வீடுகளில் இப்படிச் செய்தாலும் லைட் எரியும், யாருக்கும் தெரியாது. இப்போது ஒவ்வொரு மாடிக்கும் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஸ்விட்ச், போடுகிறோம். அது லைனில் போகிற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புகிற மின்னோட்டமும் சமமா என்று பார்க்கும்; வித்தியாசம் 30 மில்லிஆம்பியர் வந்தால் கட்டாயம் விழ வேண்டும், அதாவது தானாக ஆஃப் ஆக வேண்டும், பல சமயம் அதற்கு முன்பே விழுந்துவிடும். ஒரு 9 வாட் எல்இடி பல்பே ஏறக்குறைய 40 மில்லிஆம்பியர் எடுக்கும். லைன் ஒரு ஆர்சிசிபி வழியாகப் போய், நியூட்ரல் இன்னொன்றின் வழியாகத் திரும்பினால் மாடிப்படி லைட்டைப் போட்ட உடனே விழும். இங்கேதான் ஆளின் பழக்கம் தெரியும். முறையாகப் பழகியவர் நியூட்ரலைத் தேடிப் பிடித்து அதே சர்க்யூட்டுக்கு மாற்றுவார். அரைகுறையாகப் பழகியவர் ஆர்சிசிபியைக் குறை சொல்லி, அதைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டில் லைட் எரியும். ஷாக் அடித்தால் காப்பாற்ற இருந்த ஒரே கருவி சும்மா மாட்டியிருக்கும்.

மூன்றாவது எர்த். நம் பகுதியில் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே வெட்டுக்கல் வந்துவிடும். எர்த்திங்குக்கான ஐஎஸ் 3043 விதிமுறை ஜிஐ பைப்பை 2.5 மீட்டர் நீளம் இறக்கச் சொல்கிறது. பாறை தட்டியதும் பாதியில் நிறுத்தி, மேலே மிஞ்சிய பைப்பை அறுத்துவிட்டு, கரியும் உப்பும் போட்டு மூடிவிட்டால் யாரால் கண்டுபிடிக்க முடியும்? எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். அதுவும் மழைக்காலத்தில் ஈர மண்ணில் அளந்தால் கணக்கு நன்றாகவே வரும். பங்குனி, சித்திரையில் அளந்தால்தான் உண்மை தெரியும். ஏப்ரல், மே மாத இடியும், ஐப்பசியில் மத்தியானம் கழிந்து வருகிற இடியும் மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. எர்த்தில் ஏமாற்றுவது இந்த ஊரில் பெரிய பாவம் என்றே நினைக்கிறேன்.

இந்த மூன்றிலும் கைத்திறமை குறைவு என்று எதையும் சொல்ல முடியாது. இழை வெட்டுகிறவருக்கும் வேகமாக வேலை செய்யத் தெரியும். தான் செய்தது சரியா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் அவருக்கு இல்லை. நான்கு வழிகளையும் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

கூடவே வைத்துப் பழக்குவது

காலம் காலமாக இருக்கிற வழி இது. தெரிந்த வீட்டுப் பையன், பத்தாவதோ பன்னிரண்டோ முடித்தவன், மேற்கொண்டு படிக்க மனமில்லாதவன், "அண்ணன்கூட வாறேன்" என்று வருவான். முதல் சில மாதம் சுவரில் காடி வெட்டுவது, பைப் போடுவது, ஸ்பிரிங் விட்டு வயர் இழுப்பது, ஏணி பிடிப்பது. இந்த வேலைகளில் அவன் கை தேறுவதைப் போல வேறு எந்த வழியிலும் தேறாது. கொத்தனாரோடு எப்படிப் பேசி வேலை வாங்குவது, கான்கிரீட் போடும் நாளில் ஸ்லாப் பைப்பை எப்படிக் கட்டுவது, எந்த வீட்டுக்காரரிடம் எந்த விஷயத்தை எழுதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் வகுப்பறையில் வராது. காண்ட்ராக்டருக்கும் இதில் செலவு குறைவு, பையன் ஊரிலேயே இருப்பான், நம்பிக்கையான ஆள்.

குறை எங்கே என்றால், கூட இருக்கிற ஆளின் பழக்கம் அப்படியே இறங்கிவிடும். நல்ல ஆசானிடம் போய்ச் சேர்ந்தால் பையன் பாக்கியசாலி. இழை வெட்டுகிறவரிடம் சேர்ந்தால் இழை வெட்டுவதுதான் தொழில் என்று நினைத்துக்கொள்வான். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த மூத்தவர்கள் குறைவு. "அது அப்படித்தான் மக்கா, போடு" என்று முடித்துவிடுவார்கள். 10 பாயிண்டுக்கு (லைட், ஃபேன் மாட்டுகிற இடங்கள்) மேல் ஒரு லைட் சர்க்யூட்டில் போடக்கூடாது என்று தெரிந்திருக்கும். 11-வது பாயிண்ட் வரும்போது என்ன யோசிக்க வேண்டும் என்று தெரியாது.

கையெழுத்துப் பிரச்சினையும் இருக்கிறது. வீட்டில் பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகள் தவிர மற்ற வயரிங் வேலையை, மாநில அரசின் உரிமம் பெற்ற காண்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று உள்ள சூப்பர்வைசரின் நேரடி மேற்பார்வை வேண்டும். வேலை செய்கிறவரிடம் பெர்மிட் இருக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை இதைத்தான் சொல்கிறது. 2010-இல் வந்த விதிமுறைக்குப் பதிலாக 2023-இல் புதியது வந்திருக்கிறது. கூடவே வைத்துப் பழக்கிய பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் காகிதத்தில் அவன் யாருமில்லை. தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கு மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்துக்கு எழுதிக் கொடுக்க உரிமம் உள்ள ஓர் ஆள் தேவை. வருடக் கணக்கில் பையனை வேலை வாங்கிவிட்டு, இந்தத் தேர்வு இருக்கிறது என்பதைக்கூடச் சொல்லாத காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். அவன் சான்று வாங்கிவிட்டால் போய்விடுவான் என்ற பயம் ஒரு காரணம். இது நியாயமில்லை.

வயதையும் பார்க்க வேண்டும். 14 வயதுக்குக் கீழே இருப்பவரை வேலைக்கு வைப்பது குற்றம். அதற்கு மேல் 18 வரை உள்ளவனை நான் மின்சாரம் இருக்கிற போர்டுப் பக்கமே விடமாட்டேன், யார் பெற்றவர் வந்து கேட்டாலும் சரி.

ஐடிஐ முடித்தவரை எடுப்பது

எலக்ட்ரீசியன் பிரிவு பத்தாவது முடித்தவர்களுக்கு, வயர்மேன் பிரிவு எட்டாவது முடித்தவர்களுக்கு. இரண்டுமே இரண்டு ஆண்டு. இந்தப் பக்கம் நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ, அந்தப் பக்கம் பாறசாலைக்கு அருகே தனுவச்சபுரத்தில் அரசு ஐடிஐ. தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. படிப்புச் செலவைக் காரணம் காட்டி ஒரு பையனையோ பெண்ணையோ நேராக வேலைக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இன்றைக்குக் குறைந்திருக்கிறது.

பெண்ணையோ என்று தெரிந்துதான் எழுதினேன். ஐடிஐ எலக்ட்ரீசியன் வகுப்பில் பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சைட்டுக்கு அவர்களை எடுக்கிற காண்ட்ராக்டரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆள் இல்லை என்று புலம்புகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஐடிஐ முடித்தவரிடம் என்ன கிடைக்கும்? ஓம் விதி, ஸ்டார் டெல்டா, மோட்டார் வைண்டிங், எந்த மீட்டர் எதை அளக்கும் என்பது தெரியும். வரைபடம் கொடுத்தால் படிப்பார். வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற மெக்கர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சான்றிதழ் கையில் இருப்பதால் வயர்மேன் தகுதிச் சான்றுக்கும் பிறகு மேலே போகவும் வழி சுருக்கம். வளைகுடாவுக்குப் போக நினைத்தாலும் அந்தக் காகிதம் வேண்டும். குமரி, திருவனந்தபுரம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

என்ன கிடைக்காது? பழகியது மரப்பலகையில். பலகை ஆடாது, ஈரமாக இருக்காது, மேலே கொத்தனார் சாந்து பூசமாட்டார், 12 அடி உயரத்தில் ஏணியில் நின்றுகொண்டு வளைவு பைப்பில் ஐந்து வயரை இழுக்க வேண்டியிருக்காது. முதல் மாதம் இந்தப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்து மூத்தவர்கள் சிரிப்பார்கள். "இதைத்தான் ரெண்டு வருஷம் படிச்சியாலே?" என்ற ஒரு வார்த்தையில் நல்ல பையன்கள் பலர் இந்தத் தொழிலை விட்டு பேக்டரிக்குப் போயிருக்கிறார்கள். சுவரில் காடி வெட்டத் தெரியாததை நாற்பது நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வித்தியாசம் தெரியாத கையைத் திருத்த அதைப் போலப் பல மடங்கு நாள் வேண்டும். சிரிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சம்பளத்துக்கு நேரடியாக எடுத்தால் இன்னொரு சிக்கல் வரும். முதல் மாதத்திலிருந்தே முழு ஆளாக வேலை எதிர்பார்ப்போம். அவருக்கு அது முடியாது. நமக்குக் கோபம் வரும். மூன்றாவது மாதம் அவர் வரமாட்டார். அதனால்தான் அடுத்த வழியைச் சிறந்தது என்கிறேன்.

பதிவு பெற்ற அப்ரண்டிஸ்

அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. பெரிய ஆலை, ரயில்வே, மின்வாரியம் இவற்றுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். 2019 விதித் திருத்தப்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடம் விருப்பப்பட்டால் எடுக்கலாம். அதாவது, நான்கு பேர் வேலை செய்கிற காண்ட்ராக்டரும் எடுக்கலாம். இரண்டு பேர் மட்டும் ஓட்டுகிற இடத்துக்கு இது பொருந்தாது. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

செலவு என்ன? 2019-இல் வைத்த விதிப்படி ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், பத்தாவது முடித்தவருக்கு 6,000. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டம் 2016-இல் தொடங்கியது. அதில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும். தொகை மாறக்கூடியது, எடுக்கும் நாளில் இணையதளத்தில் உள்ளதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சம் என்பது குறைந்தபட்சம்தான். பஸ் காசு, சாப்பாடு போக அந்தப் பையன் கையில் ஏதாவது நிற்க வேண்டுமென்றால் அதற்கு மேல் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒப்பந்தத்தை இணையதளத்தில் பதிய வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து. சட்டப்படி அவர் தொழிலாளி இல்லை, பயிற்சியாளர். ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு எடுத்தவருக்கு உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிவில் அகில இந்தியத் தேர்வு எழுதித் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம்.

காகித வேலை அதிகம், ஆன்லைனில் ஏற்றத் தெரியாது, யார் அலைவது என்பார்கள். ஒரு தடவை பக்கத்து ஐடிஐக்குப் போய் அப்ரண்டிஸ் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். இந்த வழியின் உண்மையான லாபம் பணத்தில் இல்லை. "இந்த வருடம் இவர் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்" என்று இரண்டு பக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பதில் இருக்கிறது. காண்ட்ராக்டரின் எதிர்பார்ப்பு சரியாகிறது. பையனும் கேள்வி கேட்கத் தயங்கமாட்டான். படிப்பு ஐடிஐயில் முடிந்துவிட்டது, கை இங்கே பழகுகிறது. முதல் இரண்டு வழிகளில் எது இல்லையோ அது இதில் சேர்ந்துவிடுகிறது.

குறுகிய காலப் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் சில மாத வகுப்புகள் உண்டு. புதிதாக வருகிறவருக்கு இது போதாது. டெஸ்டரைப் பிடிக்கத் தெரிந்த நிலையில் சான்றிதழோடு வந்து நிற்பார். ஏற்கெனவே பத்து வருடம் வேலை செய்தவரின் திறமையைச் சோதித்துச் சான்று கொடுக்கிற ஏற்பாடும் அதே திட்டத்தில் இருக்கிறது, அது பயனுள்ளது. உங்களிடம் பழைய ஆள் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

பாயிண்ட் கணக்கும் மெக்கரும்

எந்த வழியில் எடுத்தாலும் தரத்தைக் கெடுப்பது ஒன்று உண்டு. பாயிண்ட் கணக்குக் கூலி. ஒரு லைட் பாயிண்டுக்கு இவ்வளவு, ஒரு பவர் பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். வீட்டுக்காரருக்கும் காண்ட்ராக்டருக்கும் இடையில் அது சரி. காண்ட்ராக்டர் தன் ஆளுக்கும் அதே கணக்கில் கொடுத்தால், சோதிப்பதற்குச் செலவாகிற ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஆளுக்கு நஷ்டம். பழகுகிற ஆண்டிலாவது நாள் சம்பளம் அல்லது மாதத் தொகைதான் கொடுக்க வேண்டும். பழக்குகிற மூத்தவருக்கும் அப்படித்தான். இல்லாவிட்டால் ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரம் அவர் சட்டைப்பையிலிருந்து போகிறது, அவர் ஏன் சொல்லிக்கொடுப்பார்?

அப்புறம், புதியவருக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது என்பது. வழக்கமாகக் காடி வெட்டுவதில் தொடங்கிக் கடைசியில்தான் சோதனைக்கு வருவோம். பெரும்பாலும் அந்தக் கடைசி வருவதே இல்லை. இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. முதல் வாரமே மெக்கரைக் கையில் கொடுங்கள். மின்சாரம் இல்லாத புது வீட்டில் அவனுக்கு ஆபத்தில்லை. ஆனால் 500 வோல்ட் டிசி கருவி, விளையாட்டாக யார் கையிலும் வைக்கக்கூடாது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். எல்இடி, ரெகுலேட்டர் எதுவும் மாட்டுவதற்கு முன் லைனுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளக்கட்டும். 50-ஐப் பாயிண்ட் எண்ணிக்கையால் வகுத்து வருகிற மெகாஓம் குறைந்தபட்சம் வேண்டும், மொத்த வீட்டுக்கு ஒரு மெகாஓமுக்கு மேல் கேட்க வேண்டியதில்லை என்பது வயரிங்குக்கான ஐஎஸ் 732 விதிமுறையில் வந்த பழைய கணக்கு. புது வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். ஒரு சர்க்யூட் மட்டும் குறைத்துக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது.

பாறசாலைப் பக்கம் ஒரு வீட்டில் அப்படிக் குறைத்துக் காட்டியது. வயர் இழுத்தவர் அனுபவசாலி. அளந்தது ஐடிஐ முடித்து வந்த அப்ரண்டிஸ் பையன். "மெக்கர் பேட்டரி போயிருக்கும்" என்றார் மூத்தவர். பையன் பேசாமல் அடுத்த சர்க்யூட்டை அளந்து காட்டினான். அது சரியாக இருந்தது. பாக்ஸ் பாக்ஸாகப் பிரித்து அளந்துகொண்டே போனதில் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே வந்து நின்றது. ஆசாரி திரைச்சீலைக் கம்பிக்கு அடித்த ஸ்க்ரூ பைப்பைத் துளைத்து லைன் வயரின் உறையைக் கீறி, பக்கத்து எர்த் வயர் வரை போயிருந்தது. வயரை மாற்றியது மூத்தவர்தான். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஸ்விட்ச் மாட்டுவதற்கு முன், "மக்கா, நீ வந்து அளந்துட்டுப் போ" என்று அவரே கூப்பிட ஆரம்பித்தார். கற்றுக்கொள்ள வந்தவனால் மூத்தவரின் வேலையும் உயர்ந்தது.

மூன்று இடத்தில் வேலை நிற்க வேண்டும். பைப் போட்டுப் பூசுவதற்கு முன் ஒரு தடவை. அப்போது எல்லாச் சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், பின்னால் ஆசாரிக்கும் பிளம்பருக்கும் அது உதவும். வயர் இழுத்து ஸ்விட்ச் மாட்டுவதற்கு முன் மெக்கர். மின்சாரம் கொடுப்பதற்கு முன் எர்த் தொடர்ச்சி, லைன் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறதா என்பது, எர்த் குழியின் ஓம், ஆர்சிசிபி. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுந்தால் எல்லாம் சரி என்று நினைக்கக்கூடாது. அந்தப் பட்டன் கருவி வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும்; சாக்கெட்டில் எர்த் வயர் இருக்கிறதா என்று சொல்லாது. அளந்த கணக்கைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, அளந்தவர் கையெழுத்தும் சூப்பர்வைசர் கையெழுத்தும் போட்டு வீட்டுக்காரரிடம் ஒரு நகல் கொடுங்கள். கேரளத்தில் புது இணைப்புக்கு வயரிங் முடிந்ததற்கும் சோதித்ததற்கும் அறிக்கை கேட்கிறார்கள். அளக்காமலே அதில் எண்ணை எழுதி நிரப்புகிற பழக்கத்தைப் புதிய ஆளின் கண்முன்னால் ஒருபோதும் செய்யாதீர்கள். அவன் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்வான்.

யார் எதை எடுக்கலாம்

நான்கு பேராவது இருக்கிற, வருடம் முழுக்க வேலை இருக்கிற காண்ட்ராக்டர் ஐடிஐ முடித்த அப்ரண்டிஸை எடுக்கட்டும். ஒரே நேரத்தில் ஒருவர் போதும். ஒரு மூத்தவருக்குப் பின்னால் மூன்று பேரை விட்டால் யாரும் எதையும் கற்றுக்கொள்ளமாட்டார்கள். இரண்டு பேர் மட்டும் ஓட்டுகிற இடத்தில் ஊர்ப் பையனைக் கூட வைத்துப் பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படியானால் சேர்க்கிற நாளிலேயே ஒரு நோட்டில் தேதி எழுதி, எந்த வீட்டில் என்ன வேலை செய்தான் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். 21 வயதில் தகுதிகாண் தேர்வுக்கு அந்த நோட்டு உதவும். இன்னும் பள்ளி வயது தாண்டாத பையன் வந்து கேட்டால் வேலைக்கு எடுக்காமல் ஐடிஐக்கு அனுப்புங்கள். விடுமுறை நாளில் சைட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லலாம். பேக்டரி வேலை, மோட்டார், பேனல் வேலை அதிகம் செய்கிறவர்களுக்கு எலக்ட்ரீசியன் பிரிவு ஆள்தான் வேண்டும். வீட்டு வயரிங் மட்டும் என்றால் வயர்மேன் பிரிவே போதும், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பிள்ளையை எந்த ஐடிஐயில் சேர்ப்பது என்று கேட்பதுண்டு. பள்ளியில் எந்த மொழியில் படித்தானோ அந்த மொழி நடக்கிற இடத்தில் சேருங்கள். இரண்டு பக்கத்துச் சான்றிதழும் ஒரே தேசியச் சான்றிதழ்தான், பாடத்திட்டமும் ஒன்றுதான். ஆனால் உதவித்தொகைத் திட்டங்கள் அந்தந்த மாநிலத்தினுடையவை.

எல்லை தாண்டி வேலை செய்கிறவர்கள் கடைசியாக ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். ஐடிஐ சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். வயர்மேன் பெர்மிட்டும் காண்ட்ராக்டர் உரிமமும் அப்படியில்லை. தமிழ்நாட்டில் ஒரு வாரியம், கேரளத்தில் ஒரு வாரியம். வேலை நடக்கிற மாநிலம் கொடுத்ததாகவோ ஏற்றுக்கொண்டதாகவோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அப்ரண்டிஸ் முடித்த பையனுக்கு முதல் பெர்மிட் வாங்கும்போதே, உங்கள் வேலை அதிகம் எந்தப் பக்கம் என்று பார்த்து அந்த மாநிலத்தில் விண்ணப்பிக்க வையுங்கள். இன்னொரு பக்கத்துக்கு என்ன வேண்டும் என்பதை அந்த மாவட்ட மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிவிட்டு அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டை ஒப்புக்கொள்ளுங்கள்.